பார்வையற்றோரும் பயன்படுத்தக்கூடிய மென்பொருள்: விசைப்பலகை இயக்கத்தைச் சோதித்துச் சீர்செய்ய ஒரு முழுமையான வழிகாட்டி

ஒரு மென்பொருளைப் பார்வையற்ற ஒருவரால் பயன்படுத்த முடியுமா என்று கேட்டால், “டேப் விசையை அழுத்தினால் எல்லாப் பொத்தான்களுக்கும் போகிறதே” என்ற பதிலே உருவாக்குநர்களிடமிருந்து பெரும்பாலும் கிடைக்கிறது. ஒரு பொத்தானைச் சென்றடைய முடிவது வேறு. அந்த மென்பொருளில் ஒரு வேலையைத் தொடங்கி முடிக்க முடிவது வேறு. சுட்டி திரையில் எங்கே இருக்கிறது என்று பார்க்க முடியாதவருக்கு மவுஸால் பயனில்லை. அவருடைய வேலை முழுவதும் விசைப்பலகையின் வழியாகவும், கணினியில் உள்ளதைக் குரலாகச் சொல்லும் மென்பொருளான திரைவாசிப்பான் சொல்வதைக் கேட்பதன் வழியாகவுமே நடக்கிறது. ஆகவே, தான் இப்போது எங்கே இருக்கிறோம், அங்கே இருப்பது என்ன, தான் அழுத்திய விசையால் என்ன நடந்தது ஆகிய மூன்றும் அவருக்கு ஒவ்வொரு கணமும் தெரிந்தாக வேண்டும்.

இவற்றுள் முதலாவதே அடிப்படை. ஃபோக்கஸ் என்று நாம் சொல்வது பார்வையுள்ளவருக்கு ஒரு பெட்டியைச் சுற்றித் தோன்றும் கோடு. பார்வையற்றவருக்கு அதுவே அவர் நிற்கும் இடம். அந்த இடத்தை மென்பொருள் எக்காரணம் கொண்டும் தொலைத்துவிடக் கூடாது என்பதுதான் இவ்வழிகாட்டியின் மையக் கருத்து. பெயர், பிறந்த தேதி, மாவட்டம், வட்டம், ஆவணப் பதிவேற்றம், ஓடிபி, சமர்ப்பித்தல் என்று நாம் அனைவரும் அறிந்த ஓர் இணைய விண்ணப்பப் படிவத்தையே எடுத்துக்காட்டாகக் கொள்கிறேன். இதில் வரும் சிக்கல்களே வங்கிச் செயலியிலும் கணக்கு மென்பொருளிலும் வேறு உருவில் வருகின்றன.

திரைவாசிப்பானைப் பற்றி ஒன்றை முதலிலேயே தெளிவாக்கிக்கொள்ள வேண்டும். அது பொதுவாகத் திரையில் தெரியும் படத்தைப் பார்த்துப் படிப்பதில்லை. இது பொத்தான், இதன் பெயர் இது, இது இப்போது தேர்வு செய்யப்பட்டுள்ளது என்று மென்பொருள் இயங்குதளத்திடம் ஒப்படைக்கும் விவரங்களையே அது படிக்கிறது. விண்டோஸில் யுஐ ஆட்டோமேஷன் போன்ற இடைமுகங்களும், லினக்ஸில் ஏடி-எஸ்பிஐ என்னும் இடைமுகமும் இப்பணியைச் செய்கின்றன. கண்ணுக்குப் பொத்தானாகத் தெரியும் ஒன்று இந்த இடைமுகத்தில் பொத்தானாகப் பதிவாகவில்லை என்றால், பார்வையற்றவரைப் பொறுத்தவரை அங்கே பொத்தானே இல்லை.

முதல் படி: சோதனைக்கான கணினியை அமைத்தல்

விண்டோஸ் கணினியில் என்விடிஏ திரைவாசிப்பானை நிறுவிக்கொள்ளுங்கள். ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த, பார்வையற்ற நிரலாளரான மைக்கேல் கரன் 2006-ல் தொடங்கிய திட்டம் இது. திறந்த மூல மென்பொருள், விலை கிடையாது, இடைமுகம் தமிழிலும் உண்டு. ஜாஸ் என்ற கட்டணத் திரைவாசிப்பானைப் பயன்படுத்துவோரும் உலகெங்கும் பலர் உள்ளனர் என்பதால், வாய்ப்பிருந்தால் பின்னர் அதிலும் ஒருமுறை சோதிப்பது நல்லது. ஆனால் தொடங்குவதற்கு என்விடிஏ போதும்.

இன்சர்ட் விசைதான் இதன் கட்டளை விசை; மடிக்கணினியில் கேப்ஸ் லாக் விசையையும் அதற்கு ஒதுக்கலாம். கட்டளை விசையுடன் 1-ஐ அழுத்தினால் விசை உதவி தொடங்கும். அதன் பிறகு எந்த விசையை அழுத்தினாலும் அதன் பணியை என்விடிஏ சொல்லுமே தவிர, அதைச் செய்யாது. கண்ட்ரோல் விசை பேச்சை நிறுத்தும். கட்டளை விசையுடன் டேப் அழுத்தினால் ஃபோக்கஸ் எங்கே உள்ளது என்று சொல்லும். பேச்சின் வேகத்தை முதலில் குறைத்துக்கொள்ளுங்கள். அது பேசுவதை எழுத்தாகக் காட்டும் சாளரம் ஒன்று கருவிகள் பட்டியலில் உள்ளது. புதியவர்களுக்கும், குறைகளைப் பதிவு செய்வதற்கும் அது பெரிதும் உதவும்.

இரண்டாம் படி: திரைவாசிப்பான் இல்லாமல் ஒரு சுற்று

முதல் சுற்றில் என்விடிஏ வேண்டாம். மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, டேப், ஷிஃப்ட் டேப், எண்டர், ஸ்பேஸ், எஸ்கேப், அம்புக்குறி விசைகள் ஆகியவற்றை மட்டும் கொண்டு படிவத்தை நிரப்பிச் சமர்ப்பிக்க முயலுங்கள். ஃபோக்கஸ் கோடு எங்காவது காணாமல் போகிறதா என்று கவனியுங்கள். அழகுக்காக அந்தக் கோட்டை, பக்கத்தின் தோற்றத்தை வரையறுக்கும் சிஎஸ்எஸ் நிரலில் அவுட்லைன் நன் என்ற ஒரு வரியால் நீக்கிவிடும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குறைந்த பார்வை உடையவர்களுக்கு இது நேரடியான தடை.

ஃபோக்கஸ் செல்லும் வரிசை, படிக்கும் வரிசையோடு ஒத்துப்போக வேண்டும். டேப் வரிசையில் ஓர் உறுப்பின் இடத்தைத் தீர்மானிக்கும் டேப்இண்டெக்ஸ் பண்பில் 1, 2, 3 என்று எண்கள் கொடுத்து வரிசையைத் திருத்த முயன்றால், அந்த உறுப்புகள் பக்கத்தின் மற்ற அனைத்துக்கும் முன்னால் வந்து நின்று குழப்பத்தைப் பெருக்கும். நிரலில் உறுப்புகள் எழுதப்பட்டிருக்கும் வரிசையை மாற்றுவதே சரியான தீர்வு. பூஜ்யம் (இயல்பான டேப் வரிசையில் சேர்க்க), கழித்தல் ஒன்று (டேப் வரிசையில் சேர்க்காமல், நிரலால் மட்டும் ஃபோக்கஸ் கொடுக்க) ஆகிய இரண்டைத் தவிர வேறு மதிப்பு டேப்இண்டெக்ஸுக்குத் தேவைப்படுவது மிக அரிது.

அடுத்து, உள்ளே போனால் வெளியே வர முடியாத பொறிகளைத் தேடுங்கள். டேப் விசையை இடைவெளியாக மாற்றிவிடும் எழுத்துத் தொகுப்பான்கள் இதில் முதன்மையானவை. இத்தகைய இடத்தில் வெளியேறும் வழி இருக்க வேண்டும் என்பதோடு, அவ்வழி பயனருக்கு முன்கூட்டியே சொல்லப்படவும் வேண்டும். டபிள்யூசிஏஜி எனப்படும் இணைய அணுகல்தன்மை நெறிமுறைகளின் 2008-ஆம் ஆண்டுப் பதிப்பிலேயே இது மிக அடிப்படையான ஏ நிலைக்குரிய விதியாக இடம்பெற்றுள்ளது. பக்கத்தின் தொடக்கத்தில் முப்பது நாற்பது பட்டியல் இணைப்புகள் இருந்தால், நேராக உள்ளடக்கத்துக்குச் செல்லும் இணைப்பு ஒன்றை முதலில் வையுங்கள்.

மூன்றாம் படி: இரண்டு நிலைகளைப் புரிந்துகொள்ளுதல்

பார்வையுள்ள சோதனையாளர்கள் பெரும்பாலும் தவறும் இடம் இதுதான் என்பதால் சற்று விரிவாகவே சொல்கிறேன். பார்வையற்றவர் இணையப் பக்கத்தில் டேப் விசையை மட்டுமே அழுத்திக்கொண்டு போவதில்லை. என்விடிஏ ஒரு பக்கத்தைத் திறந்ததும் உலாவு நிலையில் இருக்கும். அந்நிலையில் மேல் கீழ் அம்புக்குறிகள் வரிவரியாகப் படிக்கும். எச் விசை அடுத்த தலைப்புக்கும், 1 முதல் 6 வரையிலான எண்கள் அந்தந்த நிலைத் தலைப்புக்கும், கே விசை அடுத்த இணைப்புக்கும், பி விசை அடுத்த பொத்தானுக்கும், எஃப் விசை அடுத்த படிவ உறுப்புக்கும் தாவும். கட்டளை விசையுடன் எஃப் 7 அழுத்தினால், பக்கத்தில் உள்ள தலைப்புகளையோ இணைப்புகளையோ வகைவாரியாகப் பட்டியலிட்டுப் பார்க்கலாம்.

உள்ளீட்டுப் பெட்டிக்குள் டேப் வழியாக நுழைந்ததும் என்விடிஏ தானாகவே ஃபோக்கஸ் நிலைக்கு மாறி, அதை ஓர் ஒலியால் உணர்த்தும். இப்போது எச் என்று அழுத்தினால் அந்த எழுத்து பெட்டியில் விழும். கட்டளை விசையுடன் ஸ்பேஸ் அழுத்தி இரண்டு நிலைகளுக்கும் இடையே கைமுறையாகவும் மாறலாம்.

இதிலிருந்து இரண்டு விளைவுகள் பிறக்கின்றன. பத்திகளுக்கும் அறிவிப்புகளுக்கும் டேப்இண்டெக்ஸ் பூஜ்யம் கொடுத்து, “பார்வையற்றோர் படிப்பதற்காகச் செய்தேன்” என்று சொல்லும் உருவாக்குநர்கள் உள்ளனர். நல்லெண்ணம்தான், ஆனால் தேவையற்றது. அம்புக்குறியால் படிக்கக்கூடிய எழுத்தின்மீது டேப் வந்து நின்றால், ஒவ்வொரு முறையும் கூடுதலாக ஒரு விசை அழுத்த வேண்டியிருப்பதோடு, இங்கே ஏதோ இயக்கலாம் போலிருக்கிறது என்ற தவறான எண்ணமும் ஏற்படும். இதற்கு நேர்மாறானது இரண்டாவது விளைவு: இரண்டு பெட்டிகளுக்கு நடுவே “கோப்பு 200 கேபிக்கு மிகாமல் இருக்க வேண்டும்” என்று எழுதி வைத்தால், ஃபோக்கஸ் நிலையில் டேப் அழுத்திச் செல்பவரின் காதில் அது விழவே விழாது. அந்தக் குறிப்பை, திரைவாசிப்பானுக்கான கூடுதல் விவரங்களை எச்டிஎம்எல்லில் சேர்க்க உதவும் ஏரியா (ARIA) பண்புகளுள் ஒன்றான ஏரியா-டிஸ்கிரைப்டுபை மூலம் உரிய பெட்டியுடன் இணைத்துவிட்டால், பெட்டியின் பெயரைத் தொடர்ந்து அதுவும் ஒலிக்கும்.

நான்காம் படி: ஒவ்வோர் உறுப்பையும் காதால் கேட்டுச் சரிபார்த்தல்

இனி என்விடிஏயை இயக்கி, திரையை அணைத்துவிட்டுப் படிவத்தை நிரப்புங்கள். ஸ்கிரீன் கர்ட்டன் எனப்படும் திரைமறைப்பு வசதி என்விடிஏவிலேயே உண்டு. அதை இயக்கினால் திரை முழுவதும் கறுப்பாகிவிடும்.

முதல் பெட்டியில் “முழுப் பெயர், உள்ளீட்டுப் பெட்டி, கட்டாயம்” என்ற பொருளில் ஒலிக்க வேண்டும். “உள்ளீட்டுப் பெட்டி, காலி” என்று மட்டும் கேட்டால், திரையில் பெயர் எழுதப்பட்டிருந்தாலும் அது லேபிள் குறியால் பெட்டியுடன் இணைக்கப்படவில்லை என்று பொருள். பெட்டிக்குள் மங்கலாகத் தெரியும் மாதிரி எழுத்தை லேபிளுக்கு மாற்றாகக் கொள்ளக் கூடாது. பதிவேற்றிய ஐந்து கோப்புகளுக்கும் எதிரே “நீக்கு” என்ற பொத்தான் இருந்தால், பொத்தான்களின் பட்டியலில் ஐந்து “நீக்கு” மட்டுமே கேட்கும். “வருமானச் சான்றிதழை நீக்கு” என்பதே அவருக்குப் பயன்படும் பெயர்.

வெறும் கொள்கலனான டிவ் குறிக்கு, சொடுக்கினால் இயங்கும் ஆன்கிளிக் நிரலை எழுதிப் பொத்தானாகக் காட்டும் வழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். அதைப் பொத்தான் என்று அறிவிக்க ஏரியா ரோல், ஃபோக்கஸ் பெற டேப்இண்டெக்ஸ், எண்டருக்கும் ஸ்பேஸுக்கும் தனித்தனி நிரல் என்று அனைத்தையும் நாமே எழுத வேண்டும். பட்டன் குறி இவை எல்லாவற்றையும் தன்னுடன் கொண்டே வருகிறது. உலாவி தரும் உறுப்பு ஒன்று போதுமானதாக இருக்கும் இடத்தில் ஏரியாவை நாட வேண்டாம் என்பதே ஏரியாவின் முதல் விதி.

பிறந்த தேதி தனியாகப் பேசப்பட வேண்டியது. நாட்காட்டியைத் திறந்து தேதியைத் தொட்டுத் தேர்ந்தெடுக்க வேண்டும், தட்டச்சு செய்ய முடியாது என்று பல படிவங்கள் அடம்பிடிக்கின்றன. மாதத்தை ஒவ்வொன்றாகப் பின்னோக்கி நகர்த்தும் பொத்தான் மட்டுமே உள்ள நாட்காட்டியில், ஐம்பது வயதான ஒருவர் தன் பிறந்த மாதத்தை அடைய 600 முறை அழுத்த வேண்டும். நாட்கள் ஒவ்வொன்றும் தனித்தனி டேப் நிறுத்தமாக இருந்தால், அதன் பிறகும் முப்பது முறை வரை டேப் அழுத்த நேரிடும். தேதியை நேரடியாகத் தட்டச்சு செய்ய ஒரு பெட்டி வைப்பதே முதல் தீர்வு. நாள், மாதம், ஆண்டு என்று எந்த வரிசையில் எழுத வேண்டும் என்பதை லேபிளிலேயே சொல்லிவிடுங்கள். நாட்காட்டியும் வேண்டுமென்றால், முழுக் கட்டத்துக்கும் ஒரே டேப் நிறுத்தம் இருக்கட்டும். உள்ளே இடம் வலம் அம்புகள் நாளையும், மேல் கீழ் அம்புகள் வாரத்தையும், பேஜ் அப், பேஜ் டவுன் மாதத்தையும், அவற்றுடன் ஷிஃப்ட் சேர்ந்தால் ஆண்டையும் நகர்த்தட்டும். ஒவ்வொரு நகர்விலும் “14” என்று மட்டும் சொல்லாமல் கிழமை, மாதம், ஆண்டு ஆகியவையும் கேட்குமாறு செய்யுங்கள்.

குழுவாக இயங்கும் மற்ற உறுப்புகளுக்கும் இதே முறைதான். தாவல்கள், மெனுக்கள், மரப்பட்டியல்கள் ஆகிய ஒவ்வொன்றும் டேப் வரிசையில் ஒரே நிறுத்தம். உள்ளே நகர்வதற்கு அம்புக்குறிகள்.

மாவட்டப் பட்டியலில் வேறொரு சிக்கல் உண்டு. தேர்வு மாறிய உடனேயே பக்கம் புதுப்பிக்கப்படுமாறு எழுதியிருந்தால், விழுப்புரத்தை நோக்கி அம்புக்குறியை அழுத்தத் தொடங்கியவருக்கு முதல் அழுத்தலிலேயே அரியலூர் தேர்வாகி, பக்கம் மீண்டும் ஏற்றப்பட்டு, அவர் பக்கத்தின் உச்சிக்குத் தள்ளப்படுவார். வட்டங்களின் பட்டியலைப் பக்கத்தைப் புதுப்பிக்காமலே பின்னணியில் நிரப்புங்கள். ஃபோக்கஸ் மாவட்டப் பெட்டியிலேயே இருக்கட்டும்.

ஐந்தாம் படி: திரை மாறும்போது ஃபோக்கஸ் எங்கே போகிறது?

இவ்வழிகாட்டியில் ஒரே ஒரு படிக்குத்தான் உங்களுக்கு நேரம் இருக்கிறது என்றால், இந்தப் படியைத் தேர்ந்தெடுங்கள். ஃபோக்கஸ் நின்றிருந்த உறுப்பு திரையிலிருந்து நீக்கப்பட்டால், உலாவி பெரும்பாலும் அதைப் பக்கத்தின் உடற்பகுதிக்கே கொண்டுபோய்விடும். தெருவின் நடுவே நடந்துகொண்டிருந்தவரை ஒருவர் தூக்கி எங்கோ இறக்கிவிட்டுப் போவதைப் போன்றது இது. அதைவிடக் கொடுமை, இறக்கிவிட்டதைச் சொல்லாமலே போவது.

உரையாடல் பெட்டி திறந்தால் ஃபோக்கஸ் அதற்குள் செல்ல வேண்டும். அது திறந்திருக்கும் வரை பின்னால் உள்ள பக்கத்துக்கு டேப் நழுவக் கூடாது. எஸ்கேப் அழுத்தினால் மூடி, அதைத் திறந்த பொத்தானுக்கே திரும்ப வேண்டும். எச்டிஎம்எல்லின் டயலாக் குறியை ஷோமோடல் கட்டளையால் திறந்தால், இவற்றில் பெரும்பகுதியை உலாவியே பார்த்துக்கொள்ளும். கோப்பு ஒன்றை நீக்கினால், அடுத்த கோப்பின் நீக்கு பொத்தானுக்கோ, பட்டியலின் தலைப்புக்கோ ஃபோக்கஸை நகர்த்துங்கள். முழுப் பக்கமும் புதிதாக ஏற்றப்படாமல் உள்ளடக்கம் மட்டும் மாறும் செயலிகளில், சாளரத் தலைப்பை மாற்றுவதோடு, புதிய பகுதியின் முதன்மைத் தலைப்புக்கு டேப்இண்டெக்ஸ் கழித்தல் ஒன்று கொடுத்து ஃபோக்கஸை அங்கே வையுங்கள்.

எல்லாவற்றையும் சரியாக நிரப்பும் வரை சமர்ப்பி பொத்தானைச் செயலிழக்கச் செய்து வைப்பது இன்று பரவலாக உள்ளது. அவ்வாறு செயலிழந்த பொத்தான் டேப் வரிசையிலேயே இருக்காது. பார்வையற்றவர் கடைசிப் பெட்டி வரை வந்து, சமர்ப்பிக்கும் பொத்தானே இல்லை என்று எண்ணித் திரும்பத் திரும்பத் தேடுவார். பொத்தான் எப்போதும் இயங்கட்டும். பிழை இருந்தால், அழுத்தியதும் முதல் பிழையுள்ள பெட்டிக்கு ஃபோக்கஸைக் கொண்டுசென்று, பிழைச் செய்தியை அப்பெட்டியுடன் இணைத்துச் சொல்லுங்கள். பெட்டியின் ஓரத்தைச் சிவப்பாக்குவது மட்டும் போதாது.

ஃபோக்கஸ் நகரத் தேவையில்லாத செய்திகளும் உண்டு. “கோப்பு பதிவேற்றப்பட்டது”, “ஓடிபி அனுப்பப்பட்டது” போன்றவை திரையின் மூலையில் சில நொடிகள் தோன்றி மறைகின்றன. இவற்றை ரோல் ஸ்டேட்டஸ் என்று குறித்த பகுதிக்குள் எழுதினால், இருந்த இடத்திலிருந்தே அவை கேட்கும். அப்பகுதி காலியாகவேனும் பக்கத்தில் முன்பே இருப்பது நல்லது. செய்தியோடு சேர்த்துப் புதிதாக உருவாக்கினால் திரைவாசிப்பான் அதைத் தவறவிடக்கூடும். ஓடிபிக்கான நேரக்கணக்கை இத்தகைய பகுதிக்குள் வைக்கக் கூடாது. ஒவ்வொரு நொடியும் “59, 58, 57” என்று அது ஒலித்துக்கொண்டே இருந்தால், தட்டச்சு செய்யும் எண் காதில் விழாது. தொடக்கத்தில் ஒருமுறையும், முடியப்போகும்போது ஒருமுறையும் சொன்னால் போதும். ஓடிபிக்கு ஆறு தனிப் பெட்டிகளைத் தவிர்த்து ஒரே பெட்டி வையுங்கள்; ஆறு பெட்டிகளுக்கிடையே ஃபோக்கஸ் தானாகத் தாவும்போது, ஒவ்வொரு தாவலிலும் வரும் அறிவிப்பு அடுத்த எண்ணை மூழ்கடித்துவிடும்.

அடையாளச் சரிபார்ப்பில் “கண்ணைச் சிமிட்டுங்கள்”, “முகத்தை வட்டத்துக்குள் வையுங்கள்” என்று வரும் கட்டளைகளுக்கும் மாற்று வழி கட்டாயம் தேவை. 2025 ஏப்ரல் 30 அன்று இந்திய உச்ச நீதிமன்றம் டிஜிட்டல் கேஒய்சி தொடர்பான வழக்கில், டிஜிட்டல் சேவைகளை அணுகும் உரிமை அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று தீர்ப்பளித்துள்ளது. இதை விருப்பப்பட்டால் செய்யும் கூடுதல் வசதியாக இனியும் கருதுவதற்கு இடமில்லை.

ஆறாம் படி: குறுக்குவிசைகள்

தினமும் பயன்படுத்தும் மென்பொருளில் குறுக்குவிசைகள் பெரும் உதவி. ஆனால் அவை திரைவாசிப்பானின் விசைகளோடு மோதக் கூடாது. இன்சர்ட், கேப்ஸ் லாக் ஆகியவற்றுடன் சேரும் இணைகளைத் தொடாதீர்கள். கண்ட்ரோல், ஆல்ட் ஆகியவற்றுடன் அம்புக்குறி சேர்வது அட்டவணையின் கட்டங்களுக்கிடையே நகர்வதற்கு உரியது. ஒற்றை எழுத்தைக் குறுக்குவிசையாக வைத்தால், உலாவு நிலையில் என்விடிஏ பயன்படுத்தும் எழுத்துகள் மென்பொருளை வந்தடையவே அடையா. அப்படி வைத்தே ஆக வேண்டுமென்றால், அதை நிறுத்தவோ மாற்றவோ வழி கொடுங்கள். 2018-ல் வந்த டபிள்யூசிஏஜி 2.1 இதை ஒரு விதியாகவே சேர்த்தது. தமிழ் விசைப்பலகையில் தட்டச்சு செய்வோரையும் நினைவில் கொள்ளுங்கள்: எந்த எழுத்து உருவானது என்பதைக் கொண்டு விசையை அடையாளம் காணும் ஜாவாஸ்கிரிப்ட் நிரலுக்கு “எஸ்” என்பதற்குப் பதிலாக ஒரு தமிழ் எழுத்து வந்து சேரும், குறுக்குவிசை வேலை செய்யாது.

கணினியில் நிறுவும் மென்பொருளானால், மெனுவில் ஒவ்வொரு கட்டளைக்கும் அருகே அதன் குறுக்குவிசையை எழுதுங்கள். திரைவாசிப்பான் அதையும் படிக்கும், பயனர் நாளடைவில் தானாகவே கற்றுக்கொள்வார். சாளரத்தின் பகுதிகளுக்கிடையே எஃப் 6, வலது சொடுக்குப் பட்டியலுக்கு ஷிஃப்ட் எஃப் 10 என்ற விண்டோஸ் வழக்கங்களை மாற்றாதீர்கள். படப் பொத்தான்களுக்கு, விண்டோஸ் மென்பொருள் உருவாக்கும் கட்டமைப்புகளான விண்டோஸ் ஃபார்ம்ஸில் அக்சஸிபிள்நேம் பண்பிலும், டபிள்யூபிஎஃபில் ஆட்டோமேஷன் ப்ராப்பர்ட்டீஸ் நேம் பண்பிலும் பெயர் கொடுங்கள்.

ஏழாம் படி: தமிழ் உள்ளடக்கத்தைக் காதுக்குக் கொண்டுசேர்த்தல்

தமிழ்ப் பக்கத்தின் மொழிக் குறியீடு ஆங்கிலம் என்றே விடப்பட்டிருந்தால், திரைவாசிப்பான் ஆங்கிலக் குரலில் தமிழைப் படிக்க முயன்று திணறும். பக்கத்தின் மொழியைக் குறிக்கும் லாங் பண்பில் தமிழுக்கான குறியீட்டைக் கொடுத்தால், தமிழ்க் குரல் உள்ள கணினியில் என்விடிஏ தானாகவே அக்குரலுக்கு மாறும். என்விடிஏயுடன் வரும் பேச்சுப்பொறியான ஈஸ்பீக் என்ஜியில் தமிழ் உண்டு. இருமொழிப் பக்கங்களில் அந்தந்தப் பகுதிக்கு அந்தந்தக் குறியீட்டைக் கொடுக்க வேண்டும். பாமினி போன்ற பழைய எழுத்துருக்களில் தட்டச்சு செய்யப்பட்ட ஆவணம் கண்ணுக்குத் தமிழாகத் தெரிந்தாலும், அடியில் இருப்பவை ஆங்கில எழுத்துகளே. பொருளற்ற ஒலிகளே காதில் விழும். பழைய படிவங்களையும் வழிகாட்டுக் குறிப்புகளையும் யூனிகோடுக்கு மாற்றாமல் மேலே சொன்ன எதையும் செய்து பயனில்லை.

எட்டாம் படி: பயனரோடு அமர்ந்து சோதித்தல்

ஆக்ஸ், லைட்ஹவுஸ் போன்ற தானியங்கிக் கருவிகள் பெயரில்லாத பொத்தானையும் லேபிள் இல்லாத பெட்டியையும் கண்டுபிடித்துத் தரும். அவற்றை முதலில் ஓட்டிவிடுங்கள். ஆனால் நீக்கு அழுத்திய பின் ஃபோக்கஸ் போன இடம் பொருத்தமானதா என்பதை மனிதர்தான் சொல்ல வேண்டும். அதிலும், திரையை அணைத்துவிட்டுச் சோதிக்கும் பார்வையுள்ளவருக்குப் படிவத்தின் வடிவம் ஏற்கெனவே மனத்தில் பதிந்திருக்கும். படிவத்தைப் புதிதாகச் சந்திக்கும் பார்வையற்றவருக்கு அந்த உதவி இல்லை. எனவே நாள்தோறும் திரைவாசிப்பானைப் பயன்படுத்தும் சிலரை, உரிய ஊதியம் கொடுத்து அழையுங்கள். புதிதாகக் கற்றவர் ஒருவரும் நெடுநாள் அனுபவமுள்ளவர் ஒருவரும் அதில் இருக்கட்டும். பின்னவர் எந்தத் தடையையும் ஏதோவொரு வழியில் தாண்டிவிடுவார் என்பதால், அவர் வெற்றி பெறுவதை மட்டும் கொண்டு படிவம் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடக் கூடாது.

“இந்தப் படிவத்தை நிரப்பிச் சமர்ப்பியுங்கள்” என்று மட்டும் சொல்லிவிட்டு அமைதியாக இருங்கள். அவர் தயங்கும்போது “கீழே ஒரு பொத்தான் இருக்கிறது” என்று சொல்லிவிட்டால், அந்த இடத்தின் குறை உங்களுக்குத் தெரியாமலே போய்விடும். எங்கே பின்னோக்கித் திரும்பினார், எதை இரண்டாம் முறை கேட்டார், ஒரு வேலைக்கு எத்தனை விசைகள் அழுத்தினார் என்று குறித்துக்கொள்ளுங்கள்.

குறையைப் பதிவு செய்யும்போது “அணுகல்தன்மை இல்லை” என்று பொதுவாக எழுதினால் உருவாக்குநரால் எதையும் திருத்த முடியாது. திரைவாசிப்பான், உலாவி ஆகியவற்றின் பதிப்புகள், ஃபோக்கஸ் இருந்த இடம், அழுத்திய விசை, கேட்ட சொற்கள், கேட்டிருக்க வேண்டிய சொற்கள் ஆகியவற்றை அந்த வரிசையிலேயே எழுதுங்கள். “இரண்டாவது கோப்பின் நீக்கு பொத்தானில் ஸ்பேஸ் அழுத்தினேன், எதுவும் கேட்கவில்லை, அடுத்த டேப் பக்கத்தின் முதல் இணைப்புக்குப் போனது, கோப்பு நீக்கப்பட்டது என்ற அறிவிப்பும், அடுத்த கோப்பில் ஃபோக்கஸும் இருந்திருக்க வேண்டும்” என்று எழுதினால், அதைப் படிப்பவர் அன்றே திருத்திவிடலாம். திருத்தியதும் அதே விசைகளை அதே வரிசையில் அழுத்திச் சரிபாருங்கள். புதிய பதிப்பு வெளியிடும் ஒவ்வொரு முறையும் இந்தச் சோதனையை வெளியீட்டுக்கு முந்தைய பட்டியலில் சேர்த்துவிடுங்கள்.